பாற்புட்டியும் மாநில உரிமையும்

 

மொழியுரிமையும் நாட்டுரிமையும் முழங்கும் மேடையில் குழந்தையின் பாற்புட்டிக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். ஆயின், சட்டம் செய்யும் உரிமை எங்கே இருத்தல் வேண்டும், தொலைவிலுள்ள தலைநகரிலா, தாயின் மடிக்கு அண்மையிலா என்னும் வினாவை, அமெரிக்க ஒன்றிய நாடுகளில் அந்தப் புட்டியே எழுப்பியது. ஆகவே புட்டியிலிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

கண்ணாடிபோல் தெளிந்தும், கீழே விழுந்தால் உடையாமலும் இருக்கும் நெகிழிவகை ஒன்று உண்டு. பாலிகார்பனேட்டு என்பது அதன் பெயர். அதற்கு மூலமான வேதிப்பொருள் பிசுபீனால்-ஏ. அதனை 1891-இல் முதன்முதல் ஆக்கியவர் தியானின் என்னும் உருசிய அறிஞர். 1936-இல் இலண்டன் ஆய்வாளர் சார்லசு தாட்சு, அப்பொருள் பெண்மை இயக்குநீரைப்போல் உடலில் தொழிற்படுவதை எலிகளில் கண்டு வெளியிட்டார். மருந்தாகுமோ என்று ஆராயப்பட்ட பொருள் அது! அதனினும் வலிய பொருள் கிடைத்தமையால் மருத்துவம் அதனைக் கைவிட்டது. வணிகம் கைவிடவில்லை. 1953-இல் பாலிகார்பனேட்டு உருவானபின், அதே பொருள் குழந்தையின் புட்டியாயிற்று, நீர்க்குவளையாயிற்று, உணவடைத்த தகரக் குப்பிகளின் உட்பூச்சிலும் இடம்பெற்றது. இயக்குநீர்போல் வேலை செய்யும் என்று ஏட்டில் ஏறிய ஒரு பொருளைப் பால்மணம் மாறாத குழவியின் வாயருகே கொண்டுசெல்ல எவரும் கூசவில்லை.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1998-இல் கிளீவ்லாந்து நகரத்தில் பற்றீசியா அண்ட்டு என்னும் அம்மையார் சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துவந்தார். எந்தத் தீங்குக்கும் உட்படுத்தாமல் ஒப்பீட்டிற்காக வைத்திருந்த எலிகளிலேயே திடுமெனக் கருமுட்டைக் கோளாறு பன்மடங்கு பெருகிற்று. மரபு இழைகள் தத்தம் இடத்தில் அமையாமல் தாறுமாறாய்க் கிடந்தன. அம்மையார் காற்றை ஆராய்ந்தார், தீனியை ஆராய்ந்தார், ஒன்றும் புலப்படவில்லை. இறுதியில் தெரிந்தது இதுதான்: கூண்டுகளையும் நீர்ப்புட்டிகளையும் கழுவியவர், தரை கழுவுதற்குரிய காரமிக்க துப்புரவு நீரால் அவற்றைத் தவறுதலாகக் கழுவிவிட்டார். கூண்டும் புட்டியும் பாலிகார்பனேட்டு. காரநீர் நெகிழியின் கட்டை அவிழ்க்க, பிசுபீனால் கசிந்து எலிகளின் உடலிற் சேர்ந்தது. அம்மையார் பின்னர் வேண்டுமென்றே அதே பொருளைச் சிற்றளவில் கொடுத்துப் பார்த்தும் அதே கோளாறு கண்டார். 2003-இல் அது அச்சேறியது. வெந்நீரும் சூடான பாலும் ஊற்றி, நாடோறும் தேய்த்துக் கழுவும் புட்டியைப் பற்றிய அச்சம் தாய்மாரிடையே பரவியது அதன் பின்னரே.

அவ்வச்சத்திற்கு வாசிங்டன் தலைநகரிலிருந்த ஒன்றிய அரசு செவிசாய்க்கவில்லை. உணவையும் மருந்தையும் மேற்பார்க்கும் அதன் ஆட்சியகம், 2008-இல் வெளியிட்ட வரைவறிக்கையில் தீங்கில்லை என்றே கூறியது. செவிசாய்த்தவை சிற்றரசுகளே. சான் பிரான்சிசுகோ நகரம் 2006-இலேயே தடைவிதி இயற்றிற்று. வேதித்தொழிலாரும் விளையாட்டுப் பொருள் செய்வாரும் வழக்குத் தொடுக்கவே, அடுத்த ஆண்டு பிசுபீனால் பகுதியை அந்நகரம் விலக்கிக்கொள்ள நேர்ந்தது. முதல் முயற்சி தோற்றது. ஆயினும் 2009-இல் நியூயார்க்கு மாநிலத்துச் சபோக்கு மாவட்டம் பாற்புட்டித் தடையை நிறைவேற்றியது. அதே ஆண்டில் சிகாகோ நகரமும், மாநிலங்களுள் முதலாவதாக மின்னசோட்டாவும் தொடர்ந்தன. கனெக்டிகட்டு, விசுகான்சின், மேரிலாந்து, வெர்மாண்டு என வரிசை நீண்டது. 2011 அக்தோபரில் மக்கள்தொகை மிக்க கலிபோர்னியாவும் சட்டம் செய்தது.

அதே திங்களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. இதுகாறும் எதிர்த்து நின்ற வேதித்தொழில் மன்றமே ஒன்றிய ஆட்சியகத்திற்கு ஒரு மடல் விடுத்தது: "புட்டி செய்வோர் இப்பொருளைக் கைவிட்டுவிட்டனர், ஆகவே இசைவை நீக்கிவிடுக" என்பது அதன் கருத்து. 2012 சூலையில் ஆட்சியகம் அவ்வாறே நீக்கியது. நீக்கும்போதும், தீங்கு கருதி நீக்கவில்லை, பயன்பாடு ஒழிந்தமையால் நீக்குகிறோம் என்றே அறிவித்தது. ஊர்மன்றங்களும் மாநிலப் பேரவைகளும் களைபறித்து முடித்த வயலில், நடுவணரசு வந்து வரப்பில் நின்று கணக்கெழுதிய கதை இது.

நெகிழியை மென்மையாக்கும் தாலேட்டு என்னும் பொருள்களின் வரலாறும் இத்தகையதே. குழந்தை கடித்துச் சுவைக்கும் விளையாட்டுப் பொருள்களில் அவற்றுள் ஆறனை 0.1 விழுக்காட்டிற்குமேல் சேர்க்கலாகாது என்று கலிபோர்னியா 2007-இல் விதித்தது. மறு ஆண்டு ஆகத்தில் ஒன்றியச் சட்டமும் அதே அளவை மேற்கொண்டது. ஆனால் அச்சட்டம் மற்றொன்றையும் செய்தது. தன்னினும் கடுமையாக வாசிங்டன் மாநிலம் அவ்வாண்டு ஏப்பிரலில் விதித்திருந்த ஈய, தாலேட்டு வரம்புகளுட் பெரும்பாலானவற்றைச் செயலறச் செய்தது. எஞ்சியது அம்மாநிலச் சட்டத்தின் மறுபகுதி: குழந்தைப் பொருள்களில் இன்னின்ன வேதிப்பொருள் உள்ளன என்று ஆக்குவோர் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது. 2011-இல் 66 பொருள்கள் கொண்ட பட்டியல் வெளிவந்தது. தடையைவிட இப்பகுதியே பெரிது என்று கருத இடமுண்டு. வணிகன் மறைத்ததைப் பெற்றோர் படித்தறியலாமன்றோ?

எண்ணெய் ஊறாத உணவுத் தாள்களில் பூசும் புளோரின் சேர்மங்களையும் முதன்முதல் தடுக்க முற்பட்ட மாநிலம், 2018-இல், அதே வாசிங்டன்தான். அவை சந்தையை விட்டு அகன்றன என ஒன்றிய ஆட்சியகம் அறிவித்தது 2024-இல்.

மேய்ன் மாநிலத்தைக் கூறாமல் விடுதல் ஆகாது. 2011-இல் பாற்புட்டித் தடை அங்கு வந்தபோது, அம்மாநில ஆளுநர், மிஞ்சிப்போனால் சில பெண்களுக்குச் சிறுதாடி முளைக்கும் என்று எள்ளினார். பெண்மை இயக்குநீரை ஒத்த பொருளால் தாடி எவ்வாறு முளைக்கும் என்பதை அவரே அறிவார்! அங்கு ஆளுநர் என்பவர் நடுவணரசு அமர்த்தும் ஆள் அல்லர், மக்கள் தேர்ந்தெடுப்பவர். அவரும் சட்டத்தில் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்தின்றியே அது சட்டமாயிற்று.

மாநிலங்களின் இவ்விரைவு தொழில்முதலாளிகளுக்கு உவப்பாயில்லை. ஐம்பது மாநிலத்திற்கு ஐம்பது விதியா என்று குறைகூறினர். 2016 சூனில் ஒன்றிய வேதிப்பொருட் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒன்றியம் ஆராய்ந்து முடிவுகட்டிய பொருளின்மேல் மாநிலங்கள் புதுத்தடை விதித்தல் பெரிதும் ஒடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 22-க்கு முன் மாநிலங்கள் விதித்தவை பிழைத்தன. முந்திக்கொண்டவர்க்கு உரிமை நின்றது. பொறுத்திருந்தவர்க்கு வாயில் குறுகியது.

இனித் தமிழகம். இந்திய அரசமைப்பில் உணவுக் கலப்படம் பொதுப்பட்டியலின் 18-ஆம் பதிவு. ஆயினும், உணவுத் தொழிலை ஒன்றியம் தன் ஆளுகைக்குள் கொள்வதாக 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் இரண்டாம் பிரிவிலேயே அறிவித்துவிட்டது. மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஓர் உணவைத் தடைசெய்யலாம்; ஓராண்டிற்கு மேற்படாமல்! குட்கா தடையை ஆண்டுதோறும் புதுப்பித்துவந்ததை, இவ்வுரிமை இடைக்காலத்திற்கே உரியது என்று சென்னை உயர் முறைமன்றம் 2023 சனவரியில் தள்ளியது. ஏப்பிரலில் உச்ச முறைமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2024 பிப்பிரவரியில், துணிக்கு ஏற்றும் உரோடமின்-பி சாயம் பஞ்சு மிட்டாயில் கலந்திருப்பதைப் புதுவை முதலிலும் தமிழகம் அடுத்தும் கண்டு தடுத்தன. அண்மையிலிருக்கும் கண்ணே முதலில் காணும் என்பதற்கு அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. எனினும் அத்தடைக்கும் துணைக்கொண்டது அந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தையே.

தமிழகப் பேரவை தானே ஒரு சட்டம் செய்யலாகாதா என்று கேட்கலாம். பொதுப்பட்டியற் பொருளில் செய்யலாம். ஒன்றியச் சட்டத்தோடு அது முரணுமாயின், குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றாலன்றி இம்மண்ணில் நில்லாது என்கிறது 254-ஆம் உறுப்பு. அவ்விசைவு இத்தனை நாளுக்குள் தரப்படல் வேண்டும் என்று அவ்வுறுப்பில் யாதொரு வரையறையும் இல்லை.