மலாக்காவின் பெயரில் ஒரு நச்சுயிரி



மொழியியல் கற்ற ஒருவன் நோய்களைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்னும் ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பே. மருத்துவம், உயிரியல், சுற்றுச்சூழலியல் ஆகிய துறைகளில் அண்மையில் நிகழ்ந்துள்ள ஆய்வுகளைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்தபோது, நான் பெயர்களைத் தேடிச் சென்றேன். அப்படித் தேடுகையில் என் கண்ணில் முதலில் பட்டது நம் மாநிலத்தின் பெயர். உலக அறிவியல் ஏடுகளில் 'மலாக்கா வைரஸ்' என்று ஒன்று இருக்கிறது. செங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நம் பள்ளிகளில் எத்தனை மாணவர்க்கு இது தெரியும்?

2006 மார்ச்சில் மலாக்காவில் 39 வயதுடைய ஆடவர் ஒருவருக்குக் கடுங்காய்ச்சலும் மூச்சுக்குழல் நோயும் கண்டன. அவருடைய தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில், அதுவரை மனித நோயோடு தொடர்புபடுத்தப்படாத ஒரு நச்சுயிரி வளர்ந்தது. சில நாள்களில் அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் நோய்க்குறிகள் தோன்றின. வீட்டாரை உசாவியபோது, தந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு ஏறத்தாழ ஒரு வாரத்திற்கு முன் வீட்டினுள் ஒரு வௌவால் பறந்து வந்து சென்றதாகக் கூறினர். நச்சுயிரியின் மரபுக்கூறுகளை ஒப்பிட்டபோது, தியோமான் தீவின் பழந்தின்னி வௌவாலிடம் முன்னரே கண்டெடுத்திருந்த 'புலாவ் வைரஸ்' என்பதற்கு அது நெருங்கிய உறவு எனத் தெரிந்தது. தியோமான் தீவில் வாழும் 109 பேரின் குருதியைச் சோதித்ததில் 14 பேரிடம் இவ்விரு நச்சுயிரிகளுக்கும் எதிரான தற்காப்புப் பொருள் இருந்தது. மருத்துவர் சுவா காவ் பிங்கும் அவர்தம் குழுவினரும் இதனை 2007-இல் வெளியிட்டனர். நோயாளி நலம் பெற்றார். ஊரில் பரபரப்பு எதுவும் இல்லை. அதனால்தான் போலும், நமக்கும் அது தெரியாமலே போயிற்று.

ஆனால் இந்த மருத்துவரின் பெயரோடு சேர்ந்த வேறொரு கதை பரபரப்பில்லாதது அன்று. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் அதனை மறந்திருக்க மாட்டார்கள்.

1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைப் பகுதிகளில் மக்கள் மூளை அழற்சியால் இறக்கத் தொடங்கினர். நோயாளிகள் சிலரின் குருதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குரிய அறிகுறிகள் காணப்பட்டன. அந்நோய் கொசுவால் பரவுவது. பன்றியின் உடலில் பெருகுவது. நம் நாட்டுக்குப் பழையது. எனவே அந்தப் பெயரே நோய்க்கு இடப்பட்டது. பெயர் இட்டபின் செயல்கள் பெயரைத் தொடர்ந்தன. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோயோ அந்தப் பெயருக்கு அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தவர்கள் பன்றிகளைத் தொட்டுப் பிடித்து வேலை செய்த வளர்ந்த ஆடவர்கள். கொசு வேலை பார்த்துக் கடிப்பதில்லை. ஒரே வீட்டில் பண்ணைக்குச் செல்பவர் படுக்கையில் விழ, செல்லாதவர் நலமாக இருந்தார். தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களும் நோயுற்றனர். எல்லாவற்றிற்கும் மேலாகப் பன்றிகளே நோயுற்றன. தொலைவிலிருந்தே கேட்கும்படி அவை இருமின. 'ஒரு மைல் இருமல்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஆய்வுக்கூடம் தந்த பெயரைக் காட்டிலும் காதால் கேட்டு வைத்த இந்தப் பெயரே உண்மைக்கு அருகில் நின்றது என்பது என் கருத்து. நோய் பன்றியின் மூச்சில் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

அச்சத்தால் பேராக் பண்ணைகளிலிருந்து பன்றிகள் மலிவாக விற்கப்பட்டு லாரிகளில் தெற்கே வந்தன. நோயும் உடன் வந்தது. முதலில் சிரம்பானை அடுத்த சிக்காமட். பின்னர் 1999 தொடக்கத்தில் போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பிளாண்டோக். பிளாண்டோக் என்பது சருகுமான். பரமேசுவரன் கதையில் வேட்டைநாயை உதைத்ததே, அதே சருகுமான். நம் அண்டை மாநிலத்தின் அந்தச் சருகுமான் குன்று அன்று நாட்டின் மிகப்பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களுள் ஒன்றாக இருந்தது. அழிவு அங்கேதான் உச்சத்தைத் தொட்டது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுவா காவ் பிங், 1999 மார்ச்சுத் தொடக்கத்தில், நோயாளி ஒருவரின் மூளைத்தண்டுவட நீரிலிருந்து நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, தட்டம்மைக் குடும்பத்தைச் சார்ந்த உருவம் தெரிந்தது. கொசு பரப்பும் குடும்பம் அன்று அது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஹென்ட்ரா என்னும் பகுதியில் குதிரைகளையும் அவற்றைப் பழக்கியவரையும் கொன்ற நச்சுயிரிக்கு அது உறவு. பெயர் மாறியவுடன் செயலும் மாறியது: பன்றிகளின் நடமாட்டம் தடுக்கப்பட்டது, படையினர் இறங்கினர், ஏறத்தாழ 11 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. நோய் அடங்கியது. அதற்குள் உலக நலவாழ்வு நிறுவனக் கணக்கின்படி 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார்.

மாதிரி தந்த நோயாளியின் சிற்றூர் சுங்கை நிப்பா. அதனால் நச்சுயிரி 'நிப்பா' ஆயிற்று. நிப்பா என்பது சேற்றுநில ஆற்றோரங்களில் வளரும் ஒரு பனை. அதன் ஓலையால் வேய்ந்த கூரையைத்தான் நம் முன்னோர் மலாய்ச் சொல்லை எடுத்து 'அத்தாப்பு' என்றனர். வெயிலையும் மழையையும் தடுத்த ஓலையின் பெயர் இன்று உலகெங்கும் மரணத்தின் பெயராக ஒலிக்கிறது. தமிழ்நாட்டு ஏடுகளில் அது 'நிபா' என்று குறுகியபின், அது ஒரு மரத்தின் பெயர் என்பதும் ஓர் ஊரின் பெயர் என்பதும் படிப்பவர்க்குத் தெரிவதற்கு வழியே இல்லை. ஊர்ப்பெயரை நோய்க்குச் சூட்டுவதால் அவ்வூர் மக்கள் படும் இழுக்கைக் கருதி, உலக நலவாழ்வு நிறுவனம் 2015 மே மாதத்தில், இனி ஊர், மக்கள், விலங்கு ஆகியவற்றின் பெயர்களைப் புதிய நோய்களுக்கு இடுதல் வேண்டா என வழிகாட்டியது. மலாக்காவுக்கும் நிப்பாவுக்கும் அது காலங்கடந்த அறிவுரை.

இனி, பன்றிக்கு நோய் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு வருவோம். மருத்துவம் இவ்விடத்தில் உயிரியலிடமும் சுற்றுச்சூழலியலிடமும் கைநீட்டுகிறது. ஆய்வாளர்கள் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழ் நெகிழித் தாள்களை விரித்து, அவற்றின் சிறுநீரைத் துளித்துளியாகச் சேகரித்தனர். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் எடுத்தனர். அவற்றில் நிப்பா நச்சுயிரி உயிரோடிருந்தது. 2002-இல் இது வெளியாயிற்று. ஆக, ஈப்போ அருகே நோய் தொடங்கிய பெரும் பண்ணையில் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் நின்றதன் பொருள் விளங்கிற்று. வௌவால் கடித்த பழம் கொட்டிலில் விழுந்தது. பன்றி அதனைத் தின்றது.

ஆனால் வௌவால் ஏன் அங்கு வந்தது? இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. முதல் விடை: 1997–98-இல் எல் நினோ வறட்சியும் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டமும் காடுகளில் பூவையும் கனியையும் குறைத்தன, பசித்த வௌவால்கள் பழத்தோட்டங்களை நாடின. அந்தப் புகைமூட்டத்தில் இருமிய நமக்கு இவ்விடை நெஞ்சில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் விடை 2012-இல் வந்தது. 1997 தொடக்கத்திலேயே மனிதருக்கு நோய் கண்டிருந்ததைப் பின்னோக்கிய ஆய்வுகள் காட்டியிருந்தன; புகைமூட்டமோ அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. அந்தப் பண்ணையில் ஏறத்தாழ 30,000 பன்றிகள். நச்சுயிரி ஒருமுறை நுழைந்தால் பரவி அடங்கியிருக்கும். மறுமுறை நுழைந்தபோது, பன்றிகளுள் ஒரு பகுதிக்கு எதிர்ப்பாற்றல் இருக்க, நாள்தோறும் பிறக்கும் குட்டிகள் நெருப்புக்கு விறகுபோல் சேர்ந்து கொண்டிருக்க, நோய் அணையாமல் நிலைத்தது. மாமரத்தையும் பன்றியையும் ஒரே நிலத்தில் பெருக்கிய வேளாண்முறையே காரணம் என்கிறது இவ்விடை. நான் படித்த அளவில் இரண்டாவதே வலுவுடையது. எனினும் நம் கட்டுரைகளில் முதலாவதே இன்னும் உலவுகிறது, அதுவும் 'ஆகும்' என்னும் முற்றோடு.

இவ்விடத்தில் என் துறைக்குரிய ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல இசைவு தாருங்கள். 'மழை வருகிறது' என்பதும் 'மழை வருகிறதாம்' என்பதும் ஒன்றல்ல. முன்னது கண்டவன் கூற்று. பின்னது கேட்டவன் கூற்று. ஓர் 'ஆம்' ஒட்டினால் செய்தியின் பொறுப்பு வேறொருவர்க்கு மாறிவிடுகிறது. உலகின் எல்லா மொழிகளிலும் இந்த வசதி ஒட்டு வடிவில் கிடைப்பதில்லை. நம் பழைய இலக்கணிகள் தாம் கண்டதையும் முன்னோர் கூறியதையும் கலக்காமலிருக்க 'என்ப', 'என்மனார்' என்று குறித்துச் சென்றனர். இவ்வளவு வளம் இருந்தும், நம் மாணவர்தம் அறிவியல் கட்டுரைகளில் நான் காண்பது என்ன? எல்லாம் 'ஆகும்'. எல்லாம் 'கண்டறியப்பட்டுள்ளது'. யார் கண்டார், எதைக் கொண்டு கண்டார், ஐயம் எவ்வளவு என்பன அந்தச் செயப்பாட்டு வினையில் கரைந்து விடுகின்றன. மலாக்கா நோயாளி வீட்டு வௌவாலையே எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டார் சொன்னார்கள், நச்சுயிரியின் உறவுமுறை அதற்குத் துணை நின்றது, அந்த வௌவாலைப் பிடித்துச் சோதித்தவர் எவருமிலர். 'வௌவால் நோயைக் கொண்டு வந்தது' என எழுதும் மாணவன் இலக்கணப் பிழை செய்யவில்லை. ஆனால் அவன் எழுதியது ஆய்வு சொன்னதன்று. 'கொண்டு வந்திருக்கக்கூடும்' என்பதே ஆய்வின் சொல். 1998-இல் 'இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்' என்று தொடங்கிய வாக்கியம், 'ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான்' என்று இறுகியதற்கு எத்தனை நாள் ஆயிற்றோ, அவ்விரண்டுக்கும் நடுவே எத்தனை உயிர்கள் கிடந்தனவோ!

சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 'நச்சுயிரி' என்னும் ஆக்கத்தில் நஞ்சு இருக்கிறது என்று சிலர் குறை காண்பர். 'வைரஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் நஞ்சு என்பதே பொருள். எனவே வழக்காட வேண்டியதில்லை. வௌவாலுக்குப் பழந்தமிழில் 'வாவல்' என்று பெயர். மலாய் மொழி இவ்வுயிர்களை நுட்பமாகப் பிரிக்கிறது: சிறியது கெலாவார், பெரிய பழந்தின்னி கெலுவாங். ஜொகூரின் குளுவாங் நகர் அப்பெயரால் வந்ததே. தமிழில் நாம் எல்லாவற்றையும் 'வௌவால்' என்று ஒரே பையில் போடுகிறோம். பூச்சி தின்னும் வௌவாலும் பழந்தின்னிக்குரிய பழியைச் சுமக்கிறது.

அந்தப் பழி சிறிதன்று. 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு வட்டாரத்தில், பேராம்பிரையை அடுத்து, நிப்பா தோன்றி 17 உயிர்களைக் கொண்டு சென்றது. முதல் நோயாளியிடமிருந்து மருத்துவமனையிலேயே பிறர்க்குத் தொற்றியது. அவரைப் பேணிய செவிலியர் லினியும் இறந்தார். அங்கே இடையில் பன்றி இல்லை. மனிதரிடமிருந்து மனிதர்க்கே பரவியது. வங்காளதேசத்திலோ இரவில் கட்டிய கலயத்து ஈச்சஞ்சாற்றை வௌவால் நக்க, விடியலில் அதனைப் பச்சையாய்ப் பருகியவர்க்கு நோய் வந்தது. ஒரே நச்சுயிரி, மூன்று நாடுகளில் மூன்று வழிகள். இது மூளையைக் குறிவைப்பதன் காரணம் 2005-இல் தெரிந்தது: குருதிக்குழாய்ச் சுவர்களிலும் நரம்பு உயிரணுக்களிலும் மிகுந்துள்ள எஃப்ரின் பி2 என்னும் புரதத்தை அது நுழைவாயிலாகக் கொள்கிறது. வௌவால் மட்டும் ஏன் சாகவில்லை என்பதற்குச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு விடை தந்தனர். நம் உடலில் பெருந்தீயாய் மூளும் அழற்சி, வௌவாலின் உடலில் தணிந்தே எரிகிறது.

வௌவாலை ஒழித்துவிட்டால் என்ன என்று மாணவர் கேட்பர். ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பெகி எபி, ரெய்னா பிளவ்ரைட் முதலானோர் 1996 முதல் 2020 வரை 25 ஆண்டுத் தரவுகளைத் திரட்டி 2022-இல் வெளியிட்டனர். குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்தமையால் வௌவால்கள் குதிரைப் பண்ணைகளின் அருகே சிறு சிறு கூட்டங்களாய்க் குடியேறின. உணவு குறைந்த காலங்களை அடுத்து ஹென்ட்ரா குதிரைகளைத் தாக்கியது. எஞ்சிய காடு நிறையப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கே திரும்பின. நோய் குதிரைக்குத் தாவவில்லை. ஒரு பூ நோயைத் தடுக்கிறது என்று சொன்னால் கவிதை என்பீர்கள்; இது புள்ளிவிவரம்.

நம் தியோமானிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நிப்பாவைச் சுமக்கும் அதே தீவுப் பழந்தின்னி, இரவில் டுரியான் பூக்களுக்கு வந்து தேன் குடித்து மகரந்தம் பரப்புவதை ஷீமா அப்துல் அசீஸ் குழுவினர் ஒளிப்படக்கருவிகள் கொண்டு பதிவு செய்து 2017-இல் வெளியிட்டனர். பூவை அது தின்று அழிக்கிறது என்ற பேச்சு அதுவரை உண்டு. அது வந்து சென்ற பின்னும் பூவின் சூலகம் கெடாமல் இருந்ததைப் படங்கள் காட்டின. சாலையோரத்தில் டுரியான் குவிக்கும் பருவத்தில் இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

மாந்தர்க்கான நிப்பா தடுப்பூசி எதுவும் இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 சனவரியில் 51 தன்னார்வலரைக் கொண்டு ஒரு தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனையைத் தொடங்கியது. அமெரிக்காவில் வேறொன்றின் சோதனை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இவற்றின் முடிவுகளைத் தமிழில் எழுதப்போகும் மாணவர் இந்த அவையிலேயே இருக்கலாம். வினாக்கள் இருப்பின் கேளுங்கள், நேரம் இருக்கிறது.