வாடகை வீடு: எழுதி வாங்குங்கள்



பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் பலர். போன இடத்தில் வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யும்போது தகராறு வருகிறது. கொடுத்த பணத்துக்கு அத்தாட்சி இல்லை.

ஆகவே ஒப்பந்தம் எழுத வேண்டும். வாடகை எவ்வளவு? அட்வான்ஸ் எவ்வளவு? எத்தனை மாதம்? கரண்ட் பில் யார் கட்டுவது? எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பலர் 11 மாதத்துக்கே எழுதுகிறார்கள். ஏன் தெரியுமா? ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். இது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம்.

வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2021இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. மாநிலங்கள் அதை ஏற்றுச் சட்டம் செய்தால்தான் அங்கே செல்லும். அது சொல்வது என்ன?

குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது. தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. குடியிருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. வீட்டுக்காரரோடு எழுதிக்கொள்ளாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது.

வாடகை கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தில் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

முன்பு காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தோம். இனி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்.