நில இழப்பீடும் நல்ல வழக்கறிஞரும்



கால்வாய்க்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கும் ஊர்களில் முதலில் வந்து சேருபவர் தரகர். "கைக்காசு செலவில்லை, கூடுதலாகக் கிடைப்பதில் பாதி கொடுத்தால் போதும், வக்கீலை நான் அமர்த்துகிறேன்" என்பார். அவர் நீட்டும் தாளில் கையொப்பமிடாதீர்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் வக்கீல் பங்கு பேசுவதையும், ஆள் விட்டு வழக்குப் பிடிப்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன.

பிறகு எங்கே தேடுவது? இதுபோன்ற வழக்கை நடத்தி, முடித்து, பணத்தையும் வாங்கியவர் பக்கத்து ஊரில் இருப்பார், அவரைக் கேளுங்கள். வழக்குத் தொடுத்த புதிதில் எல்லோரும் தம் வக்கீலைப் புகழத்தான் செய்வார்கள்! பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, வந்த அறிவிப்பு ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும். இழப்பீட்டு வழக்கு நடத்தியிருக்கிறாரா, தாமே வாதாடுவாரா, கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். வக்காலத்தைப் படித்த பின்பே கையொப்பமிடுங்கள்.

காலம் முக்கியம். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, தொகையை நிர்ணயித்து அவார்டு வழங்கும்போது நேரில் இருந்தவர், தொகை போதாதென்றால் 6 வாரத்திற்குள் கலெக்டருக்கு மனுச் செய்ய வேண்டும். ஆட்சேபணையுடன் பெறுவதாகத் தெரிவிக்காமல் பணத்தை வாங்கினால் அந்த உரிமையே போய்விடும். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்திற்கு முறை வேறு. இவற்றை முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்பவரை நம்பி வழக்கை ஒப்படைக்கலாம்.

பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி உண்டு. மற்றவர்களில் பலருக்கு வரம்பு உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.