அமெரிக்கப் பள்ளியில் இரண்டு பாடங்கள்

 

வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில், கல்வியின் பயனை விளக்கப் பிறநாட்டு வரலாறு ஒன்றை எடுத்துரைக்க விழைகிறோம். 1950-களின் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் இரண்டு பாடங்கள் சிறப்பாகப் போற்றப்பட்டன. ஒன்று சமூகப் பாடம், மற்றொன்று அறிவியல். அவ்விரண்டும் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு எவ்வாறு கிட்டின என்பதே நம் பேச்சின் பொருள்.

முதலில் சமூகப் பாடம். அரசர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதோடு அது நிற்கவில்லை. 1916-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசியக் கல்விச் சங்கத்தின் குழு ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் 'ஜனநாயகத்தின் பிரச்சினைகள்' என்னும் பாடம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பின்னர்ப் பல பள்ளிகள் அதனை ஏற்றன. அரசியலமைப்பு, வாக்குரிமை, நீதிமன்றம் ஆகியவற்றைக் கற்று, நாட்டின் சிக்கல்களை மாணவர் விவாதிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கல்வியும் ஜனநாயகமும் பிரிக்க இயலாதவை என்று அக்காலத்தே வலியுறுத்தியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டூயி. 1913 முதல் 1916 வரை அங்குப் பயின்ற நம் அண்ணல் அம்பேத்கர் அவரிடம் பாடம் கேட்டவர் என்பதை நாம் அறிவோம்.

அடுத்து அறிவியல். 1956-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஜெரால்டு சக்கரியாஸ் தலைமையில் கூடிய அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளி இயற்பியலைப் புதிதாக அமைக்கத் தொடங்கினர். ஆழமற்ற தொட்டியில் நீரலைகளை எழுப்பி, அலையின் இயல்பை மாணவரே கண்டறிய வேண்டும்; ஆசிரியர் சொன்னதற்காக எதனையும் நம்பலாகாது என்பது அவர்கள் கொள்கை. 1957 அக்டோபர் 4-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது, அமெரிக்கா திடுக்கிட்டது. 1958 செப்டம்பர் 2-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. பள்ளிச் சோதனைச்சாலைகளுக்கு அரசுப் பணம் வந்தது.

பாடங்கள் சிறந்தவையே. ஆனால், அவை யாருக்குக் கிட்டின? 17 மாநிலங்களில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தார்க்கு வேறொரு பள்ளி என்று சட்டமே வகுத்திருந்தது. வர்ஜீனியா மாநிலத்து ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி, 180 மாணவர்க்கெனக் கட்டப்பட்டது. 1951-இல் அங்குப் பயின்றவரோ 450-க்கும் மேற்பட்டோர். தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள் வகுப்பறைகளாயின, மழையில் ஒழுகின, குளிரில் மாணவர் மேலங்கியோடு அமர்ந்தனர். அறிவியல் சோதனைச்சாலை இல்லை. மக்களாட்சியின் மாண்பைப் பாடநூல் கூறிற்று. அதனைப் பொய்யென்று ஒழுகும் கூரை காட்டிற்று.

1951 ஏப்ரல் 23-ஆம் நாள், பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ், சக மாணவர்களைத் திரட்டி வகுப்புகளைப் புறக்கணிக்கச் செய்தார். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடமே. வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகியோர் பிரிவினையையே எதிர்க்குமாறு கூறினர். பெற்றோரும் மாணவரும் உடன்பட்டனர். அவ்வழக்கும் பிற வழக்குகளும் இணைக்கப்பட்டு, பிரவுன் வழக்கு என்னும் பெயரால், 1954 மே 17-இல் தீர்ப்பாயின. பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் உரைத்தது.

வெற்றி எளிதில் கைக்கு வரவில்லை. ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், 1957 செப்டம்பர் 25-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் இராணுவக் காவலுடன் பள்ளி புகுந்தனர். ஸ்புட்னிக் பறந்தது ஒன்பது நாள் கழித்து! அவர்களுள் எர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதம் தேறி வெளிவந்தார். அறிவியலுக்குப் பணம் வழங்கும் சட்டம் பிறந்த அதே செப்டம்பரில், அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளை ஆளுநர் இழுத்து மூடினார். ஃபார்ம்வில் அமைந்த பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டமோ, 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளையர் தனியார் பள்ளி அமைத்துக்கொண்டனர். கறுப்பின மக்கள் தேவாலயங்களில் சிறு பயிற்சி மையங்கள் நடத்தினர்; சிலர் பிள்ளைகளை வெளியூர் உறவினரிடம் அனுப்பினர். எனினும், பலர் ஐந்தாண்டுக் கல்வியை இழந்தனர். இழந்த ஆண்டுகள் மீளவில்லை.

இளைஞர்களே! நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையும் படிப்பகமும் அத்தேவாலய மையங்களைப் போன்றவை. அவை தேவை, ஆனால், அரசுப் பள்ளிக்கு ஈடாகா. நம் ஊர்ப் பள்ளியில் சோதனைச்சாலை பூட்டிக் கிடந்தால், திறக்கும்படி கேட்பது பெற்றோர் கடமை. கேட்கும் உரிமையைச் சமூகப் பாடம் கற்பிக்கிறது. கேட்டுப் பெற்றதைப் பயன்படுத்தும் ஆற்றலை அறிவியல் கற்பிக்கிறது. உரிமை மட்டும் அறிந்தவன் வாயிலில் நின்றுவிடுவான். அறிவியல் மட்டும் அறிந்தவன் வாயில் ஏன் மூடப்பட்டது என்று வினவமாட்டான். 'நம் பிள்ளைக்கு அறிவியல் வராது' என்று எவர் கூறினும், அதற்குச் சான்று கேளுங்கள். சான்று கேட்பதே அறிவியலின் முதற்பாடம்.

மோட்டன் பள்ளி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் மாணவர்கள் இரு பாடங்களையும் கேட்டுப் பெறப் போராடினர். நம் பிள்ளைகள் இரண்டையும் கற்றுத் தேர்ந்திட இச்சங்கம் மேலும் பல்லாண்டு துணை நிற்க வேண்டும் என வாழ்த்தி அமைகிறோம்.