பட்டியும் வேலியும்



உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடைப்பட்ட இவ்வூரின் பெயர் அனுமந்தன்பட்டி. இதன் முன்பாதி வடசொல், பின்பாதியோ முழுத்தமிழ். சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என இப்பள்ளத்தாக்கில் அச்சொல்லே பல ஊர்ப்பெயர்க்கு ஈறாய் நிற்கின்றது. ஆயினும், ஒருவனைப் 'பட்டிக்காடு' என்று பழிக்கவும் தமிழன் அச்சொல்லையே எடுத்தாள்கின்றான்! இது தகுமா?

பட்டி என்பது முதற்கண் ஆடுமாடுகள் அடையும் தொழுவம். மேய்ந்து மீண்ட கால்நடை படுக்கும் இடமாதலின், 'படு' என்னும் வினையடியாகப் பிறந்ததெனக் கொள்ளுதல் பொருந்தும். தொழுவத்திற்குக் காவலாகக் குடில் எழுந்தது. குடில் பலவாகிச் சிற்றூராயிற்று. தொழுவின் பெயரே ஊரின் பெயருமாயிற்று. பயிர் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்தல் என்னும் வழக்கிலும், ஈழத்தார் கொண்டாடும் பட்டிப்பொங்கலிலும் அப்பழம்பொருள் இன்றும் உயிரோடுள்ளது.

கன்னடத்திலும் இச்சொல் உண்டு. பால், புலி, பூ ஆகிய சொற்களின் முதற்பகரம் அங்கு மூச்சொலியாய்த் திரிந்தது போன்றே பட்டியும் திரிந்தது. நீலமலைப் படகர் தம் ஊரை 'அட்டி' என்பது அத்திரிபே. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகரமுதலி இத்தகைய இனச்சொற்களை ஒருங்கு தொகுத்துக் காட்டுகின்றது.

இனி, மேலை நாட்டை நோக்குக. செருமானிய மொழிகளின் தாய்மொழிக்கு எழுத்துச் சான்று அரிது. கிளைமொழிகளை ஒப்பிட்டே அதன் சொற்களை அறிஞர் மீட்டெடுத்து, உடுக்குறியிட்டு எழுதுவர். அவ்வாறு மீட்ட ஒரு சொல் '*தூனன்'. அதன் பொருள் வேலி, அல்லது வேலி சூழ்ந்த இடம். அதன் வழிச்சொல் செருமன் மொழியில் இன்றும் வேலியே. ஒல்லாந்தர்க்கு அது தோட்டம். ஐசுலாந்தியர்க்கு வீட்டையடுத்த புல்வயல். ஆங்கிலேயர்க்கோ அது 'டவுன்', அஃதாவது நகரம்! அவர்தம் ஊர்ப்பெயர் பலவற்றின் ஈற்றில் நிற்கும் 'டன்' என்பதும் அதுவே. நம் பட்டியைப் போன்றே நிற்கின்றது.

வேலியிற் பிறந்த சொல்லை ஆங்கிலேயன் நகருக்குச் சூட்டிப் பெருமை கொண்டான். தொழுவிற் பிறந்த சொல்லைத் தமிழனோ இழிவென்று நாணுகின்றான். 'டவுனுக்குப் போகிறேன்' என்போன் நாகரிகன். பட்டியில் வாழ்வோன் நாட்டுப்புறத்தானா? இரண்டும் உழவரும் ஆயரும் ஈன்ற சொற்களே. தாழ்வு சொல்லில் இல்லை. சொல்வோன் நெஞ்சில் உள்ளது.

ஆதலின், ஊர்ப்பெயரினின்று பட்டியை வெட்டி எறிய முனைவோர் சற்றே எண்ணுக. வெட்டப்படுவது ஓர் ஈறன்று. முன்னோர் நிரை காத்து ஊர் கண்ட வரலாறு!