எடுத்து வைக்கும் ஒரு கரண்டி

(பாலிகஞ்சில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்கழி, தை மாதங்களில் இந்நகரில் தயிர் எளிதில் தோய்வதில்லை. பாலை வெதுவெதுப்பாக்கி, உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைக்கிறோம். அண்டை வீட்டு வங்காள அன்னையர் அவ்வுறையைத் 'தம்பல்' என்பர். உறைமோர் தீர்ந்த நாளில் கிண்ணமும் கையுமாக அவர்கள் கதவைத் தட்டாத தமிழ்க் குடும்பம் பாலிகஞ்சில் உண்டோ?

பாலைத் தோய்விப்பது பாக்டீரியா. ரொட்டியைப் பொங்க வைப்பதும் தானியத்தை மதுவாக்குவதும் ஈஸ்ட். உயிர் வேறாயினும் அவற்றைப் பேணும் முறை ஒன்றே. நேற்றையதில் சிறிது எடுத்து வைத்தவர்க்கே நாளையது கிட்டும்.

இம்மாநிலத்தின் வடகோடியிலுள்ள டார்ஜிலிங் மலைகளில் லிம்பு, ராய் குலப் பெண்டிர் இதனை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். ஊறிய அரிசியை இடித்து, இஞ்சியும், நம் வைத்தியர்கள் நன்கறிந்த சித்திரமூல வேரும் சேர்த்து, பழைய 'மார்ச்சா' வில்லையின் பொடியைக் கலந்து, புது வில்லைகளாகத் தட்டுகின்றனர். பெரணி இலைகளிடையே மூடிவைத்து, அவை பொங்கியபின் வெயிலில் உலர்த்துகின்றனர். அவ்வில்லைக்குள் ஈஸ்டும் பூஞ்சையும் உறங்கிக் கிடக்கும். ஓராண்டு கழிந்தாலும் வெந்த கேழ்வரகில் தூவினால் விழித்தெழும். மதுவைப் போற்ற நாம் வரவில்லை. அப்பெண்டிரின் முன்யோசனையையே போற்றுகிறோம்.

ஐரோப்பிய மதுவடிப்போரும் தொட்டியில் படிந்த ஈஸ்டை அள்ளி, குளிர்ச்சியில் காத்து, அடுத்த வடிப்பில் இட்டனர். ஆயினும் பன்முறை பயன்படுத்தும்போது வேற்றுயிர்கள் புகுந்து சுவையைக் கெடுத்தன. 1883-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் என்னும் அறிஞர், ஒரே உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். அந்நிறுவனம் அதனைப் பூட்டி வைக்கவில்லை. பிற ஆலைகளுக்கும் வழங்கியது. கொடுத்தவர்க்கும் அதனால் குறைவில்லை. ஓரிடத்தில் உறை கெட்டாலும் மற்றோரிடத்தில் அது உயிரோடு இருக்குமன்றோ?

அன்பர்களே! நம் வீடுகளில் தமிழும் இன்று உறைமோர் நிலையில்தான் உள்ளது. குழந்தைகள் வெளியே வங்காளமும் ஆங்கிலமும் பேசுகின்றனர். பாட்டி அழைத்தால் தமிழ் புரிகிறது, மறுமொழி மட்டும் வேறு மொழியில் வருகிறது. அவர்களைக் குறை கூறுவது முறையன்று. பாத்திரம் முழுவதையும் நாமே வழித்துண்டுவிட்டு, மறுநாள் பால் தோயவில்லையே என்று வருந்துவதால் பயன் யாது?

நாள்தோறும் ஒரு கரண்டி போதும். உறங்குமுன் ஒரு கதை, ஊருக்கு ஒரு கடிதம், ஞாயிறன்று சங்கத்தில் ஒரு மணி நேரம். நம் வீட்டில் தீர்ந்துவிட்டால் அடுத்த வீட்டில் கேட்போம். அவர்கள் கேட்டால் தயங்காது கொடுப்போம். அவ்வாறு கொடுத்து வாங்கும் இடமே இச்சங்கம்.