கல்லும் சொல்லும்: செலிமியே பள்ளிவாசலை முன்வைத்து

(ஆண்டுவிழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



துருக்கியின் வடமேற்கு மூலையில், பல்கேரிய எல்லையும் கிரேக்க எல்லையும் கூப்பிடு தூரத்தில் இருக்க, எதிர்னே என்னும் ஊர் உள்ளது. 1453இல் இஸ்தான்புல் உதுமானியர் வசமாகும் முன்னர் அவர்தம் தலைநகராய் விளங்கிய ஊர். சமவெளியைக் கடந்து வருபவருக்கு ஊர் தெரியுமுன்பே 70 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்கு மினார்கள் தெரிகின்றன. அவற்றின் நடுவே குவிமாடம். இரண்டாம் செலீம் ஆணையிட, தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் எழுப்பிய செலிமியே பள்ளிவாசல் அது. பணி தொடங்கியபோது சினானுக்கு வயது எண்பதை ஒட்டியிருந்தது. 1575இல் தொழுகைக்குத் திறந்தபோது சுல்தான் உயிரோடு இல்லை. 1574 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

முற்றம் கடந்து உள்ளே நுழைபவரின் கண், வேறெங்கும் நில்லாமல் நேரே மேலே போகிறது. ஏறத்தாழ 31 மீட்டர் விட்டம், தரையிலிருந்து 43 மீட்டர் உயரம். இத்தனை பாரத்தையும் தாங்குவன எட்டுப் பெருந்தூண்கள். அவை நடுவெளியை மறிக்காமல் சுவர்ப்பக்கமாக ஒதுங்கி எண்கோணமாய் நிற்கின்றன. தூணுக்குத் தூண் வளைவுகள். நான்கு மூலைகளிலும் சிறு அரைக்குவிமாடங்கள். இஸ்தான்புல்லில் இதே சினான் 1557இல் முடித்த சுலைமானியேயில் நான்கு தூண்களும், முன்னும் பின்னும் இரண்டு பெரிய அரைக்குவிமாடங்களும் உண்டு. அங்கே வெளி நீண்டு செல்கிறது. இங்கே குவிந்து நிற்கிறது. பாரம் சுவரை விட்டுத் தூணுக்குப் போய்விட்டதால் சுவர்களில் சாளரங்களைத் தாராளமாகத் திறக்க முடிந்தது. 999 சாளரங்கள் என்று ஊரார் சொல்வார்கள். எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கன்று. ஒளி அப்படிச் சொல்ல வைக்கிறது.

கிப்லாச் சுவரில் மிஹ்ராப் தனி அறைபோல் வெளியே தள்ளி அமைந்து, மூன்று புறமும் வெளிச்சம் பெறுகிறது. அதைச் சுற்றி இஸ்னிக் ஓடுகளின் நீலமும் சிவப்பும். குவிமாடத்தின் நேர் கீழே, நட்டநடுவில், மோதினார்கள் நிற்கும் மேடை. மேடையின் அடியில் சிறு நீரூற்று. வாயிலிலிருந்து மிஹ்ராபைப் பார்க்கும் பார்வையை மேடை தடுக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. குறை நியாயமானதே. ஆனாலும் வட்டத்துக்கு ஒரு மையம் வேண்டும் என்று முதியவர் பிடிவாதமாக இருந்திருக்கிறார் போலும். மேடையைத் தாங்கும் பளிங்குத் தூண் ஒன்றில் தலைகீழான துலிப் மலர் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. நிலத்தைக் கொடுக்க மறுத்து முரண்டிய ஒருவரின் துலிப் தோட்டம் அங்கே இருந்தது என்பது கதை. வழிகாட்டிகள் முதலில் காட்டுவது அதைத்தான்.

இனி, கவிஞர் கூடிய அவையில் பேசவேண்டிய செய்தி. சினானின் வாழ்க்கை நமக்குக் கிடைப்பது ஒரு கவிஞரின் கைவழியே. முதுமையில் சினான் சொல்லச் சொல்ல எழுதியவர் சாயீ முஸ்தபா செலேபி. அந்நூலில் ஒரு வஞ்சினம் வருகிறது. ஆயா சோபியாவைப் போன்ற குவிமாடத்தை எழுப்ப முஸ்லிம்களால் ஆகாது என்று பிறமதத்துக் கட்டடக் கலைஞர்கள் ஏளனம் செய்தனராம். அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்க, எதிர்னேயில் ஓர் அளவில் 6 முழமும் மற்றோர் அளவில் 4 முழமும் அதை விஞ்சிக் காட்டினாராம்.

அளவுகோல் இதற்கு உடன்படவில்லை. ஆயா சோபியாவின் குவிமாடம் சீரான வட்டமன்று. அதன் விட்டம் ஒருபுறம் 31 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மறுபுறம் ஏறத்தாழ 32 மீட்டர். அகலத்தில் இரண்டும் சமம் என்றே கொள்ளலாம். உயரத்திலோ ஆயா சோபியா 55 மீட்டரைத் தாண்டுகிறது, செலிமியே எட்டவேயில்லை. இந்த வேற்றுமையைச் சினான் அறியாதவரல்லர். செலிமியே எழும்பிக்கொண்டிருந்த அதே 1573 வாக்கில், செலீமின் ஆணைப்படி, ஆயா சோபியாவைப் பழுதுபார்த்து முட்டுச்சுவர் கொடுத்து நிறுத்தியவரும் அவரே. போட்டியாளனின் நாடியைப் பிடித்துப் பார்த்த மருத்துவர்.

அப்படியானால் அந்த முழக்கணக்கு யாருடையது? உயர்வு நவிற்சி கவிஞருக்கு உரிமைதான். அணியிலக்கணம் அதை மறுப்பதில்லை. ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டால் அது அணியாக நிற்பதில்லை, சாட்சியமாகிவிடுகிறது. 537இல் முடிந்த ஆயா சோபியாவின் முதற்குவிமாடம் 558இல் சரிந்தது. 562இல் மீண்டும் எழுப்பினர். பின்னரும் பகுதிபகுதியாக இருமுறை விழுந்தது. செலிமியேயின் குவிமாடமோ, 1912–13 முற்றுகையில் பல்கேரியப் பீரங்கிகள் எதிர்னேயைத் தாக்கியபோதும் விழவில்லை. பாரம் தரைக்கு இறங்கும் வழி தெளிவாக இருப்பது அதன் மெய்யான வெற்றி. அதைப் பாட முழக்கோல் போதாது. சாயீயின் கைக்கு எளிதாய் அகப்பட்டது முழக்கோல்தான்.

சினான் 1588இல் மறைந்தார். சுலைமானியே வளாகத்தின் ஓரத்தில், தெருமுனையில், அவருடைய சிறு கல்லறை இருக்கிறது. அதிலுள்ள இரங்கற்பாவும் சாயீ இயற்றியதே. ஈற்றடியின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 996 வரும்படி யாத்திருக்கிறார். நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தார் என்று அங்கும் சற்றே கூட்டிச் சொல்கிறார். சுல்தான் சுலைமானுக்குக் கட்டிய பள்ளிவாசல் அதில் வருகிறது. பெரிய செக்மெஜேயின் பாலம் வருகிறது. எதிர்னே வரவில்லை.